நாட்பட்ட இரைப்பை அழற்சி: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

வயிற்றெரிச்சலுக்காக மருத்துவரைக் காணச் சென்று, எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு, சில நாள் கழித்துத் திசுப் பரிசோதனை அறிக்கையைப் பெற்றுக்கொள்வோர் நம்மில் பலர். அவ்வறிக்கையில் 'குரோனிக் கேஸ்ட்ரைட்டிஸ்' என்னும் சொற்கள் இருக்கும். சிலருடைய அறிக்கையில் அதற்கடுத்த வரியில் 'இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா' என்றும் எழுதியிருப்பார்கள். பொருள் விளங்காமல் கைப்பேசியில் தேடினால் முதலில் கண்ணில் படுவது 'புற்றுநோய்' என்னும் சொல்லாகத்தான் இருக்கிறது. அன்றிரவு அந்தக் குடும்பத்தில் எவருக்கும் உறக்கம் வருவதில்லை.

இதற்கு நேர்மாறான மனிதர்களும் நம்மிடையே உண்டு. 'கேஸ் டிரபிள்' என்று தாமே பெயர் சூட்டிக்கொண்டு, பத்தாண்டுகளாக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, ஒருமுறைகூட மருத்துவரை நாடாதவர்கள் இவர்கள். முதல் வகையினரை அச்சம் வாட்டுகிறது. இரண்டாம் வகையினரை அலட்சியம் ஏமாற்றுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் அறிவார்ந்த வழி ஒன்று உண்டு. இரைப்பை அழற்சி என்பது யாது, அது எப்போது கவலைக்குரியதாகிறது, நாம் என்ன செய்யவேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். பெங்களூரு வாசகர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். இதன் காரணத்தை நகரின் புற்றுநோய்ப் பதிவேடு பற்றிப் பேசும்போது விளக்குவோம்.

அழற்சி என்பது யாது?

நாம் உண்ணும் உணவைச் செரிப்பதற்காக இரைப்பை வலிமையான அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி அதன் உட்புறத்தைச் சளிப்படலம் ஒன்று போர்த்திக் காக்கிறது. இந்தக் காப்பு குலையும்போதோ, உட்சுவரை ஏதேனும் ஒன்று இடைவிடாமல் உறுத்தும்போதோ, உடலின் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. இதையே அழற்சி என்கிறோம். ஒருநாள் விருந்தாலோ ஒருவேளை வலிமாத்திரையாலோ ஏற்படும் அழற்சி சில நாளில் தணிந்துவிடும். மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் தணியாமல் நீடிப்பதே நாட்பட்ட அழற்சி.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வயிறு உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல் ஆகியவை இருப்பதாலேயே ஒருவருக்கு இரைப்பை அழற்சி உண்டென்று சொல்லிவிட முடியாது. அழற்சி உள்ளவர்களில் மிகப் பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. அறிகுறிகளால் அவதியுறும் பலருடைய இரைப்பையோ எண்டோஸ்கோப்பியில் குறையின்றி விளங்குகிறது. ஆகவே நாட்பட்ட அழற்சியை உறுதிசெய்வது நோயாளியின் உணர்வன்று. நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்க்கப்படும் திசுத்துண்டே அதை உறுதிசெய்கிறது.

நாட்பட்ட அழற்சிக்குக் காரணங்கள் பல. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் தொடர்ந்து உட்கொள்ளப்படும் வலிநிவாரணி மாத்திரைகள் ஒரு காரணம். குடலிலிருந்து பித்தநீர் மேலேறி வருவது மற்றொன்று. உடலின் எதிர்ப்பாற்றலே இரைப்பைச் செல்களைப் பகையாகக் கருதித் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சியும் உண்டு. இதனால் பி12 வைட்டமின் குறைந்து இரத்தசோகையும், கைகால் மரத்துப்போதலும் நேரலாம். இவையெல்லாவற்றையும்விட மிகுதியான மக்களிடம் காணப்படும் காரணம் 'ஹெலிகோபேக்டர் பைலோரி' என்னும் பாக்டீரியா.

கிருமியைக் கண்ட இருவர்

அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழ இயலாது என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் நம்பிக்கை. கவலையும் காரமும் மிகுந்தால் வயிற்றுப்புண் வரும் என்றே பாடநூல்களும் பாட்டிமார்களும் ஒருசேரக் கூறிவந்தனர். 1979ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்கூறியல் வல்லுநர் ராபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவுடைய நுண்ணுயிர்களைக் கண்டார். அவருடன் இளம் மருத்துவர் பேரி மார்ஷல் பின்னர் இணைந்தார். அந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க அவர்கள் செய்த முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அடைகாப்பானில் இருந்துவிட்டன. விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் இயல்புடைய அதற்கு இரண்டு நாள் போதாது என்பது அப்போதுதான் புலப்பட்டது.

ஆயினும் உலகம் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாளில் அவருக்கு வாந்தி உண்டாயிற்று. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது இரைப்பை அழற்சி உறுதியாயிற்று. இவ்விருவருக்கும் 2005ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அதற்கு முன்பே, 1994இல், உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே பிரிவில்தான் உள்ளது.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. நெருக்கமாக வாழும் குடும்பங்களில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது. தூய்மையற்ற நீரும் கழிவறை வசதியின்மையும் பரவலுக்குத் துணைபுரிகின்றன. தொற்றியபின் தானாக நீங்குவது அரிது. யூரியாவை அம்மோனியாவாக மாற்றும் நொதி ஒன்றைச் சுரந்து, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தின் கடுமையைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்துக்குள் அது பல்லாண்டுகள் குடியிருக்கிறது. இந்தியாவில் வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இக்கிருமி இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

படிப்படியாக நிகழும் மாற்றம்

பாதிப்பேரிடம் உள்ள கிருமி புற்றுநோய்க்குக் காரணம் என்றால், பாதிப்பேருக்குப் புற்றுநோய் வரவேண்டுமே என்னும் ஐயம் எழுவது இயல்பு. அப்படி நிகழ்வதில்லை. தொற்றுள்ளவர்களில் பெரும்பான்மையோர் வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையுமின்றி இருக்கின்றனர். நூற்றில் பத்துப்பேர் அளவுக்கு வயிற்றுப்புண் வரலாம். நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரையிலானோருக்கே இரைப்பைப் புற்றுநோய் வருகிறது.

அந்தச் சிலரிடம் என்ன நேர்கிறது என்பதைக் கொலம்பியாவைச் சேர்ந்த நோய்க்கூறியல் அறிஞர் பெலாயோ கொரேயா விளக்கினார். புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதன்று; படிப்படியாக வருவது என்பது அவருடைய கருத்து. முதற்படி நாட்பட்ட அழற்சி. இரண்டாம் படியில் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் நலிந்து மறைகின்றன. அறிக்கையில் 'அட்ரோபி' என்று குறிக்கப்படுவது இதுவே. மூன்றாம் படியில், அழிந்த இரைப்பைச் செல்களின் இடத்தில் குடலுக்குரிய செல்கள் முளைக்கின்றன. இதுதான் 'இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா'. நெல் விளைந்த வயலில் வேறு பயிர் முளைத்ததைப் போன்றது இது. பயிர் மாறியிருக்கிறதே தவிர, அது நச்சுக்களை ஆகிவிடவில்லை. நான்காம் படியான 'டிஸ்பிளேசியா'வில்தான் செல்களின் வடிவமும் ஒழுங்கும் பிறழத் தொடங்குகின்றன. ஐந்தாவது புற்றுநோய்.

முதற்படியிலிருந்து ஐந்தாம் படியை அடையப் பொதுவாகப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மிகப் பலர் முதலிரண்டு படிகளிலேயே நின்றுவிடுகின்றனர். இந்த நீண்ட கால இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதே சமயம், இரைப்பைப் புற்றுநோயின் எல்லா வகைகளும் இப்படிகளில் ஏறி வருவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இரைப்பைச் சுவரெங்கும் பரவும் 'டிஃப்யூஸ்' என்னும் வகை, இத்தகைய முன்னறிவிப்பின்றியும் இளவயதினரிடமும் தோன்றக்கூடும். சில குடும்பங்களில் அது மரபு வழியாகவும் வருகிறது.

எண்கள் கூறும் செய்தி

அச்சத்தை அளந்து பார்க்க எண்களே துணை. நெதர்லாந்தில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் திசுப் பரிசோதனைப் பதிவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதன்படி, முதல் ஐந்தாண்டுகளில், ஆண்டொன்றுக்குப் புற்றுநோய் கண்டவர்கள் அட்ரோபி உள்ளோரில் ஆயிரத்துக்கு ஒருவர். மெட்டாபிளேசியா உள்ளோரில் ஆயிரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர். மிதமான டிஸ்பிளேசியா உள்ளோரில் ஆயிரத்துக்கு ஆறு பேர். கடுமையான டிஸ்பிளேசியாவிலோ ஆயிரத்துக்கு அறுபது பேர்.

இவ்வெண்களை வரிசையாகப் பார்த்தால், எந்தப் படியில் அமைதியாக இருக்கலாம், எந்தப் படியில் விரைந்து செயற்பட வேண்டும் என்பது விளங்கும். மெட்டாபிளேசியா என்னும் சொல்லைக் கண்டு உறக்கம் இழக்கத் தேவையில்லை. கடுமையான டிஸ்பிளேசியா என்று எழுதியிருந்தால் ஒரு வாரமும் தாமதிக்கலாகாது.

ஜப்பானில் நவோமி உவேமுராவும் அவருடைய குழுவினரும் 1,526 நோயாளிகளைச் சராசரியாக ஏறக்குறைய எட்டாண்டுகள் கண்காணித்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். கிருமித் தொற்று இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. தொற்றில்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இந்த ஆய்வில் வியப்புக்குரிய செய்தி இன்னொன்று இருந்தது. கிருமியால் சிறுகுடல் முகப்பில் புண் வந்திருந்த 275 பேரில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. ஒரே கிருமி சிலருக்கு அமிலத்தை மிகுவித்துக் குடற்புண்ணைத் தருகிறது. வேறு சிலருக்கு அமிலச் சுரப்பையே அழித்துப் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. இந்த வேறுபாடு நம் நாட்டின் புதிர் ஒன்றை விளக்க உதவுகிறது.

பெங்களூருவின் பதிவேடு

பெங்களூரு ஓசூர் சாலையில் 1973ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மக்கள்தொகை அடிப்படையிலான முதல் பதிவேடுகள் மும்பை, சென்னை, பெங்களூரு ஆகிய மூன்று நகரங்களில் அமைந்தன. பெங்களூருவில் அப்பொறுப்பைக் கித்வாய் மருத்துவமனையும், சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் ஏற்றன. 1982 முதல் இந்நகரில் புற்றுநோய் கண்டவர் எத்தனை பேர், எந்த உறுப்பில் என்பன ஆண்டுதோறும் முறையாகப் பதிவாகின்றன. நாடு முழுவதுமுள்ள பதிவேடுகளை இன்று ஒருங்கிணைக்கும் தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையமும் பெங்களூருவிலேயே இயங்குகிறது. இந்தியாவின் புற்றுநோய்க் கணக்கு எழுதப்படும் ஊர் இது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கணக்கு நமக்குக் கூறுவது என்ன? தொடக்க ஆண்டுகளிலிருந்தே சென்னையிலும் பெங்களூருவிலும் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் முன்னணி இடம் பெற்றிருந்தது. மும்பையிலும் தில்லியிலும் அதன் விகிதம் தெளிவாகக் குறைவு. ஒரே நாட்டில் தெற்கே கூடுதலாகவும் வடக்கிலும் மேற்கிலும் குறைவாகவும் ஒரு நோய் காணப்படுவானேன்? பின்னர் வடகிழக்கு மாநிலங்களில் பதிவேடுகள் அமைந்தபோது புதிர் மேலும் ஆழமாயிற்று. மிசோரமின் தலைநகரான ஐசாலில் இரைப்பைப் புற்றுநோய் நாட்டிலேயே மிக உயர்ந்த அளவில் பதிவாயிற்று. புகையூட்டியும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சி, 'சாஉம்' எனப்படும் நொதித்த பன்றிக் கொழுப்பு, 'மெய்சியால்' என்னும் உள்ளூர்ச் சுருட்டு, புகையிலைப் புகை ஊறிய 'துய்புர்' என்னும் நீர் ஆகியவற்றை அங்கு ஆய்வாளர்கள் காரணிகளாகச் சுட்டியுள்ளனர்.

மொத்த நாட்டையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. கிருமித் தொற்று இவ்வளவு பரவலாக இருந்தும், ஜப்பான், கொரியா போன்ற நாடுகளோடு ஒப்பிடுகையில் இந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் விகிதம் குறைவாகவே இருக்கிறது. இதனை மருத்துவ ஆய்வாளர்கள் 'இந்தியப் புதிர்' என்று அழைக்கின்றனர். கிருமியின் வகை, மரபுக்கூறு, உணவுப் பழக்கம் எனப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. தென்னிந்தியரிடம் குடற்புண் மிகுதி என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. மைசூரு ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பிராங்க் டோவி, அரிசி உண்ணும் பகுதிகளில் குடற்புண் மிகுந்தும் கோதுமை உண்ணும் பகுதிகளில் குறைந்தும் காணப்படுவதைப் பற்றி எழுதியுள்ளார். கிருமி நம்மவரிடம் பெரும்பாலும் அமிலத்தை மிகுவித்துப் புண்ணைத் தரும் வழியிலேயே செல்கிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் தெற்கே இரைப்பைப் புற்றுநோயும் கூடுதலாக உள்ளமையால் அது முழு விடையாகாது.

நம்பிக்கை தரும் செய்தியும் அதே பதிவேட்டில் இருக்கிறது. பெங்களூருவிலும் சென்னையிலும் இரைப்பைப் புற்றுநோயின் விகிதம் கடந்த பத்தாண்டுகளில் சரிந்துவந்துள்ளது. உலகெங்கும் இதே போக்குதான். குளிர்பதனப் பெட்டி வந்தபின் உப்பிட்டுப் பதப்படுத்திய உணவின் இடத்தைப் புதிய காய்கனிகள் பெற்றன. குழாயில் தூய நீர் வந்தது. சிறு குடும்பங்களில் குழந்தைகளுக்குத் தொற்றும் வாய்ப்பு குறைந்தது. ஆயினும் விகிதம் குறைந்தாலும், மக்கள்தொகை பெருகி முதுமையும் கூடுவதால் நோயாளிகளின் எண்ணிக்கை குறையவில்லை. 2022ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் மிகப் பலர் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருகின்றனர். தொடக்க நிலையில் கண்டறிந்தால், சிலருக்கு வயிற்றைக் கீறாமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே கட்டியை அகற்றிவிட முடியும். ஜப்பானில் தொடக்க நிலையிலேயே கண்டறியப்படுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்கின்றனர்.

எப்போது பரிசோதனை தேவை?

ஏப்பம் விடும் ஒவ்வொருவருக்கும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. ஆனால் சில அறிகுறிகள் தோன்றினால் காத்திருக்கக் கூடாது. காரணமின்றி எடை குறைதல், உணவு விழுங்குவதில் தடை, தொடர் வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்ற கருமையான மலம், விளக்கமுடியாத இரத்தசோகை, சிறிதளவு உண்டதுமே வயிறு நிரம்பிவிட்ட உணர்வு ஆகியவை அவை. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாகச் செரிமானத் தொல்லை தோன்றி நீடித்தாலும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தாலும் மருத்துவரை நாடுவது கட்டாயம்.

மருந்துக்கடையில் நாமே வாங்கும் ஓமெப்ரசோல், பான்டொப்ரசோல் போன்ற மாத்திரைகள் அமிலத்தைத் தணித்து எரிச்சலைப் போக்கும். அதனாலேயே அவை தீங்கும் செய்யக்கூடும். தொடக்கநிலைப் புற்றுநோயின் அறிகுறியையும் அவை சிலகாலம் மறைத்துவிடும். கிருமிக்கான பரிசோதனையையும் அவை பிழையாக்கும். ஆகவே யூரியா மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, திசுப் பரிசோதனை ஆகியவற்றுக்கு முன் இம்மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்தும்படி மருத்துவர்கள் கூறுவர். தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காணும் பரிசோதனை எளிதானது என்றாலும், இப்போதுள்ள தொற்றையும் என்றோ இருந்து நீங்கிய தொற்றையும் அது பிரித்துக் காட்டாது.

எண்டோஸ்கோப்பி செய்யும்போது ஒரே இடத்தில் ஒரு துண்டு எடுப்பது போதாது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு, நடுப்பகுதியில் இரண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட வளைவில் ஒன்று என ஐந்து துண்டுகள் எடுப்பது 'சிட்னி முறை' எனப்படும். மாற்றம் ஓரிடத்தில் மட்டும் உள்ளதா, இரைப்பை முழுவதும் பரவியுள்ளதா என்பதை அப்போதுதான் அறியலாம். ஆபத்தைக் கணிப்பதில் இந்தப் பரவலே முதன்மையானது. மாற்றம் விரிவாகப் பரவியோர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என ஐரோப்பிய வழிகாட்டுநெறி பரிந்துரைக்கிறது. ஒரு பகுதியில் மட்டும் சிறிதளவு மாற்றம் உள்ளவர்களுக்கு, குடும்பத்தில் நோய் வரலாறு போன்ற பிற காரணிகள் இல்லாவிடில், தொடர் கண்காணிப்பு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

மருந்தை முடித்தல் முதன்மை

கிருமி இருப்பது உறுதியானால், அமிலத்தைத் தணிக்கும் மாத்திரையோடு இரண்டு அல்லது மூன்று பிற மருந்துகளைச் சேர்த்துப் பொதுவாகப் பதினான்கு நாள் கொடுப்பர். வாயில் கசப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியன வரலாம். மூன்று நாளில் எரிச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். இதனால் கிருமி அழியாமல் வலுப்பெறுகிறது. இந்தியாவில் மெட்ரோனிடசோல் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் ஏற்கெனவே மிகுதி. கிளாரித்ரோமைசினுக்கும் அந்நிலை வளர்ந்துவருகிறது. பதினான்கு நாள் மருந்தும் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி நீங்கிற்றா என்று மறுபடியும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான்.

கிருமியை ஒழிப்பதால் பயனுண்டா? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கிருமி ஒழிப்பு இரைப்பைப் புற்றுநோயின் அபாயத்தை மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறக்குறையப் பாதிவரை குறைப்பதாகத் தெரியவருகிறது. சுரப்பிகள் நலிவடையுமுன் செய்தால் பயன் மிகுதி. ஜப்பான் 2013ஆம் ஆண்டு முதல், புண் இல்லாமல் அழற்சி மட்டும் உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சைச் செலவைத் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துக்கொண்டது. மெட்டாபிளேசியா வரை சென்றவர்களுக்குக் கிருமி நீங்கினாலும் அபாயம் முழுதும் மறைவதில்லை. ஆதலால் அவர்களுக்குக் கண்காணிப்பு தொடர வேண்டும்.

அடுக்களையில் செய்யத் தக்கவை

காரம்தான் குற்றவாளி என்று நாம் எண்ணுவது வழக்கம். காரம் எரிச்சலைத் தூண்டலாம்; ஆனால் இரைப்பைப் புற்றுநோய்க்கு அதுவே காரணம் என்று உறுதியான சான்று இல்லை. உப்பின்மீது உள்ள சான்றோ வலிமையானது. மிகையான உப்பு இரைப்பையின் காப்புப்படலத்தைச் சிதைத்துக் கிருமியின் வேலையை எளிதாக்குகிறது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல் ஆகியவற்றை அன்றாடம் தட்டில் இடாமல் என்றோ ஒருநாள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்தலாம்.

புகைபிடித்தல் இந்நோயின் அபாயத்தை உயர்த்துகிறது. மிகுதியான மது அருந்துதலும் அவ்வாறே. புதிய காய்களும் பழங்களும் நன்மை தருவன. கீரை, நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை முதலியன நம் சந்தைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. வலிமாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் உட்கொள்ளாமலிருப்பதும், குழந்தைகளுக்கு உணவை மென்று ஊட்டும் பழக்கத்தைக் கைவிடுவதும், உண்ணுமுன் கைகழுவுதலும், காய்ச்சி ஆறிய நீரும் எளிய காப்புகள்.

செலவும் காப்பீடும்

நோயைப் பற்றிப் பேசும்போது பணத்தைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. முற்றிய புற்றுநோய்க்கான அறுவையும் கீமோதெரபியும் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும். அதனோடு ஒப்பிட்டால் எண்டோஸ்கோப்பியும் பதினான்கு நாள் மருந்தும் சிறிய செலவே.

காப்பீடு வைத்திருப்போர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பரிசோதனை ஒன்றுக்காக மட்டுமே மருத்துவமனையில் சேர்ந்தால் அச்செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. எனவே புறநோயாளர் செலவையும் ஏற்கும் பாலிசியா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகப் பாலிசி எடுக்கும்போது, முன்பே கண்டறியப்பட்ட அழற்சியையும் திசுப் பரிசோதனை முடிவையும் மறைக்காமல் படிவத்தில் எழுத வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்துள்ளது. பாலிசி இடைவிடாமல் ஐந்தாண்டுகள் நடப்பில் இருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றித் தகவல் மறைப்பைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இயலாது. ஆகவே பிரீமியத்தைக் கெடுவுக்குள் செலுத்திப் பாலிசியைத் தொடர்வது மிகவும் இன்றியமையாதது.

கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு 'ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா' திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. பிற குடும்பங்களுக்கும் திட்டக் கட்டணத்தில் 30 விழுக்காடு, ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பல ஆண்டுகளாக இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் குடும்ப அட்டை இருந்தும் இத்திட்டத்தின் அட்டையைப் பெறாதவர்கள் அதைப் பெற்று வைத்துக்கொள்ளலாம். நோய் வந்தபின் அலைவதைவிட இப்போதே செய்வது எளிது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அறிக்கையைக் கையில் வைத்திருப்போர் அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். கிருமி இருக்கிறதா? சுரப்பி நலிவோ மெட்டாபிளேசியாவோ இருந்தால் அது ஓரிடத்தில் மட்டுமா, விரிவாகவா? டிஸ்பிளேசியா உண்டா, இல்லையா? மருந்து முடிந்தபின் கிருமி நீங்கியதை எப்போது, எந்தப் பரிசோதனையால் உறுதிசெய்வது? அடுத்த எண்டோஸ்கோப்பி தேவையா, தேவையெனில் எத்தனை ஆண்டு கழித்து?

இந்த ஐந்துக்கும் விடை கிடைத்துவிட்டால் அச்சத்தில் பெரும்பகுதி அன்றே நீங்கிவிடும். அறிக்கையையும் திசுத்துண்டு வைக்கப்பட்ட கண்ணாடிச் சில்லுகளையும் பத்திரமாகப் பாதுகாத்து வாருங்கள். சில ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அவை பேருதவியாக இருக்கும். பத்தாண்டுகளாக மாத்திரையை மட்டுமே நம்பியிருக்கும் தந்தையோ தமையனோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.